விபூதி புகுந்த லென்ஸ்

பௌர்ணமிதோறும் கிரிவலம் வருபவர்களைப் படமெடுத்துப் பிழைப்பவள் அடி அண்ணாமலையில் இருக்கும் என் அக்கா கஸ்தூரி. 2006-இல், பௌர்ணமிக்கு முந்தின நாள் அவளுடைய டிஜிட்டல் கேமராவின் லென்ஸ் பாதியில் சிக்கிக்கொண்டது.

"தூக்கிப் போட்டுட்டு வூட்டு வேலையைப் பாரும்மா" என்றார் டவுனில் கேமரா ரிப்பேர் கடைக்காரர்.

அக்கா வீட்டுக்கு வந்து, முறத்தில் துணி விரித்துக் கேமராவைப் பிரித்தாள்.

"ஜாஸ்தி நோண்டாதக்கா" என்றேன். நான் இயற்பியல் பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் முதல் ஆள்.

"உன் டிகிரி உன்கிட்டயே இருக்கட்டும். கம்முனு டார்ச்சைப் புடி."

லென்ஸைச் சுற்றி வெள்ளைத் தூள். கேமராப் பையில் பிரசாத விபூதிப் பொட்டலத்தைச் செருகியவள் அவளேதான். தூளைப் பிரஷ்ஷால் தட்டித் துடைத்து மூடினாள். லென்ஸ் வெளியே நீண்டது.

மறுநாள் காலை, கிரிவலப் பாதைக்குப் போகுமுன் அந்தக் கடைவாசலில் நின்றாள்.

"அண்ணா, கொஞ்சம் சிரிங்க."