வெட்டாமல் தைத்த கூறைச்சேலை

லோபாக்கில் என் பேத்தி வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில் பெண்கள் கூடித் துண்டுத்துணிப் போர்வை தைக்கிறார்கள். கடையில் நல்ல துணியாகப் பார்த்து வாங்கி, கட்டம் கட்டமாக வெட்டி, மறுபடியும் ஒன்றோடொன்று சேர்க்கிறார்கள். பொழுதுபோக்காம். என்னையும் ஒரு நாள் உட்கார வைத்தார்கள். கத்திரியை நீட்டியபோது எனக்கு வேண்டாம் என்றேன். “கத்திரி இல்லாம எப்படி லா பாட்டி போர்வை தைக்கிறது?” என்று ஒருத்தி சிரித்தாள். தைக்கலாம். நான் தைத்திருக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் எனக்கு எழுத வரும், ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் சண்டைக்கு முன்பே செத்துப்போனார்கள். எனக்கென்று இருந்தது அக்கா ஒருத்திதான். கல்யாணமாகாத நான் அவளோடும் அவள் புருஷனோடும் கூலிக்காரர் லயத்தில் ஒரே வீட்டில் இருந்தேன். பால் வெட்டு நின்றுபோனது. மரவள்ளி நட்டுத் தின்றோம். துணி எங்குமே கிடைக்கவில்லை. ஆம்பிளைகள் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்கள். பிறகு ஒரு காலையில் லாரி வந்தது. சயாமில் ரயில் ரோடு போட ஆள் வேண்டுமென்று அக்கா புருஷனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அக்காவுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை.

மழைக்காலத்தில் பெண் பிள்ளை பிறந்தது. பிறந்த கையோடு அக்காவுக்குக் குளிர் காய்ச்சல் பிடித்தது. கொய்னா மருந்து பணம் உள்ளவர்களுக்கே கிடைக்கவில்லை. அக்கா நடுங்கினால் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையும் சேர்ந்து ஆடும். பலகை இடுக்கு வழியாகக் காற்று வரும். சாக்கை எடுத்துப் போர்த்தினால் பிள்ளையின் தோல் சிவந்து புண்ணாகிவிடும். பிள்ளையின் கால் எப்போது தொட்டாலும் சில்லென்று இருந்தது. இப்படியே விட்டால் இது தங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டில் மிச்சமிருந்த நல்ல துணி ஒன்றே ஒன்றுதான். தகரப் பெட்டியில் இருந்த அக்காவின் கூறைச்சேலை. சிவப்பு நூல் சேலை.

“அதக் கிழிச்சாத்தான் அக்கா புள்ளைக்குப் போர்வை,” என்றேன்.

“வாயக் கழுவு புள்ள. அவரு உசுரோட இருக்கையில கூறையில கத்திரி படலாமா? தாலியறுத்தவதான் கூறையக் கிழிப்பா.”

“சரி, கிழிக்கல. முழுச் சேலையையும் மடிச்சு சாக்கு மேல வச்சு, நடுவுல பஞ்சு வச்சுத் தைக்கிறேன். ஒரு இழை அறுபடாது. மாமா வந்தாருன்னா தையலப் பிரிச்சிரலாம், சேலை சேலையா வந்துரும்.”

அக்கா அந்தக் காய்ச்சலிலும் சிரித்தாள். “மேலெல்லாம் பஞ்சு ஒட்டிக்கிட்டு நிப்பேன். எவடா இது பூனையாட்டம்னு உங்க மாமா மறுபடியும் சயாமுக்கே ஓடிருவாரு.”

லயத்தில் ஊசி வைத்திருந்தவள், எங்களை வேலை வாங்கும் மண்டோரின் பெண்சாதி மட்டுந்தான். தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சில் பொதிந்து மூங்கில் குழாயில் வைத்திருப்பாள். உறவில்லாவிட்டாலும் அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவோம்.

“கூறைய வெட்ட மாட்டியே?” என்றாள்.

“சத்தியமா வெட்ட மாட்டேன் அத்தே.”

“வெட்டுனேன்னு தெரிஞ்சுது, ஊசிய உன் நாக்குல குத்துவேன். பத்திரமா கொண்டா.”

சாக்கைச் சாம்பல் தண்ணீரில் வேகவைத்து, கல்லில் அடித்து, காயப்போட்டு, மறுபடியும் அடித்தேன். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி விட்டுப்போன பங்களாவுக்குப் பின்னால் இலவமரம் நின்றது. அங்கே விழுந்த பழைய காய்களைப் பொறுக்கி, விதை நீக்கிப் பஞ்சு எடுத்தேன். அன்னாசி இலையைச் சிரட்டை விளிம்பால் வழித்து, நார் எடுத்து, தொடையில் வைத்து முறுக்கினேன். அதுதான் நூல். இலவம்பஞ்சு சொன்ன இடத்தில் நிற்காது. தையல் தள்ளித் தள்ளி விழுந்தால் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடி உருண்டுகொள்ளும். அதனால் விரல் அகலத்துக்கு ஒரு வரிசையாக ஓட்டினேன். சேலை மடிப்பு அத்தனையையும் தாண்டி ஊசி கீழே இறங்கவேண்டும். கையில் துணி சுற்றிக்கொள்ளத் துணி ஏது? ரப்பர் இலையை மடித்து விரலில் கட்டிக்கொண்டு தள்ளினேன். தையல் ஒன்றுகூடக் கோணவில்லை. இன்றைக்கும் அதை நான் பெருமையாகத்தான் சொல்வேன்.

சேலைப் பக்கம் உள்ளே வரும்படி பிள்ளையைச் சுற்றினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கால் சூடு கண்டது. அக்கா தொட்டுப் பார்த்து, “எங்கூறைக்கு இப்பத்தான் வேல வந்திருக்கு,” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசவில்லை. ஒரு முற்பகலில், அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டிருக்கும்போது போய்விட்டாள்.

லயத்துப் பெண்கள் வந்தார்கள். மண்டோர் பெண்சாதி முன்னால் வந்து நின்றாள்.

“தையலப் பிரி. கட்டுக்கழுத்தியா போறவளுக்குக் கூறை கட்டித்தான் அனுப்பணும்.”

எங்கள் வழக்கம் அதுதான். புருஷன் இருக்கச் சாகிறவள் கல்யாணச் சேலையோடு போகவேண்டும். அது எனக்கும் தெரியும். ஆனால் பிள்ளை அதற்குள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே மழை.

“பிரிச்சா இத எதுல போத்துறது அத்தே?”

“சாக்கு இருக்குல்ல.”

“மேலெல்லாம் புண்ணாயிரும். குளுருல வெறைச்சுப் போயிரும்.”

“தாய்ப்பால் இல்லாத புள்ள எத்தன நாளைக்குடி தாங்கும்? நாளைக்குச் சாவப்போறதுக்காக இன்னிக்கிச் செத்தவள அநாதையாட்டம் அனுப்புவியா?”

“நாளைக்குச் செத்தா நாளைக்குப் பிரிக்கிறேன்,” என்றேன்.

அவளுக்கு முகம் கறுத்துவிட்டது. “அப்ப நீயே உங்கக்காள தாலியறுத்தவளா ஆக்கிட்ட. கூறை இல்லேன்னா மஞ்சளும் இல்ல, பொட்டும் இல்ல.”

“மாமா செத்தத நீங்க பாத்தீங்களா?”

“நான் எங்கடி பாத்தேன்?”

“அப்ப பொட்டு உண்டு.”

உதவிக்கு ஒருத்தியும் வரவில்லை. அக்கா கட்டியிருந்த நைந்த சேலையைத் துவைத்தேன். காயவைக்க வெயிலும் இல்லை, மாற்றுச் சேலையும் இல்லை. குளிப்பாட்டி ஈரத்தோடுதான் கட்டினேன். மஞ்சளை அரைத்து முகத்தில் பூசினேன். மிச்ச மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்தால் சிவப்பு வரும். அதில் பெரிய பொட்டாக வைத்தேன். மண்டோரும் இன்னும் மூன்று பேரும் பாயோடு தூக்கிப்போய்த் தோட்டத்து எல்லையில் புதைத்தார்கள்.

மண்டோர் பெண்சாதி வாசலில் நின்று கையை நீட்டினாள். ஊசியைக் கொடுத்தேன். “இனி இது உங்கைக்கு வராது,” என்றாள். அவள் சொன்னபடியே செய்தாள்.

பிள்ளை மூத்திரம் பட்டுப் பட்டு அன்னாசி நூல் இற்றது. வரிசை வரிசையாகத் தையல் விட்டது. பஞ்சு ஓடியது. எலுமிச்சை முள்ளால் ஓட்டை போட்டு, நார் நுனியை எச்சில் தொட்டுக் கூராக்கி, ஒவ்வொரு ஓட்டையாக நுழைத்து இழுத்தேன். ஒரு வரிசை முடிக்க ஒரு பகல் போகும். மரவள்ளி மாவைக் கஞ்சி காய்ச்சி, துணி முனையில் நனைத்துப் பிள்ளையின் வாயில் வைப்பேன். எலும்பும் தோலுமாகத்தான் இருந்தது. ஆனாலும் குளிரவில்லை. ஒரு நாள் கவிழ்ந்து படுத்தது. இன்னொரு நாள் தவழ்ந்தது.

ஜப்பான்காரன் போன பிறகு சயாமுக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். காலெல்லாம் புண். அக்கா புருஷன் வரவில்லை. மழை விட்ட பிறகு ஒரு முகாமில் அவரை உயிரோடு பார்த்ததாக ஒருவர் சொன்னார். பேதி கண்டு செத்தவர்களோடு அவரையும் போட்டு எரித்ததைப் பார்த்தேன் என்றார் இன்னொருவர். மண்டோர் பெண்சாதி ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்தி, “எப்பய்யா செத்தாரு? அவ போறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?” என்று கேட்டாள். அங்கே நாள் கிழமை தெரிந்தவர் யார்? ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அவள் என் வாசலுக்கு வந்தாள். “முன்னாலயே போயிருந்தா, நீ வச்ச பொட்டு தப்புப் பொட்டுடி,” என்றாள்.

“வச்சது வச்சதுதான் அத்தே,” என்றேன்.

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிழங்கு பிடுங்கப் போனேன்.