கண்ணுக்குக் கீழே ஒரு வேர்

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொன்னதில்லை. நீராவி எஞ்சினில் ஃபயர்மேனாக, அடுப்பின் வாயில் நின்று பொழுதெல்லாம் கரி அள்ளிப் போட்டவனை அப்படிச் சொல்ல யாருக்கு வாய் வரும்? அப்படிப்பட்ட என்னை ஒரு பல், அதுவும் பாதி உடைந்த பல், நடுநடுங்க வைத்தது. சென்னையில் டிராம் வண்டிகள் நின்றுபோவதற்குச் சற்று முந்தைய காலம் அது.

இடது பக்கத்து மேல் கோரைப்பல். வறுத்த பட்டாணியைக் கடித்தபோது உடைந்து, பாதி உள்ளங்கைக்கு வந்துவிட்டது. மீதி ஈறுக்குள் வேராக நின்றுகொண்டது. வலி பொறுக்காமல் நான் எனக்கே ஒரு வைத்தியம் செய்துகொண்டேன். எஞ்சினில் வேலை செய்கிறவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய வைத்தியம் அது. பாய்லர் தகட்டின் மேல் துணியைப் போட்டுச் சூடேற்றி, கன்னத்தில் ஒத்தடம் கொடுத்தேன். வைத்தவுடன் இதமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் முன்னைவிட மோசமாகக் குடையும். மறுபடி சூடு வைப்பேன். ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குச் சரக்கு வண்டி போய்த் திரும்புவதற்குள் கன்னம் பன் ரொட்டி போல உப்பிவிட்டிருக்கும்.

ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் பார்த்தார். யார் உன்னைச் சூடு வைக்கச் சொன்னது என்று முதலில் திட்டினார். வேரின் நுனியில் சீழ் கட்டியிருக்கிறது, ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் செதுக்கித்தான் வேரை எடுக்க வேண்டும் என்றார். பக்கத்தில் ஒரு தட்டு இருந்தது. அதில் சின்ன உளி ஒன்று, சின்னச் சுத்தியல் ஒன்று. எங்கள் எஞ்சின் ஷெட்டில் கிடக்கிற சாமான்கள் குட்டி போட்டு இங்கே வந்துவிட்டன போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரம் வரச் சொன்னார்.

வலிக்கு நான் பயப்படவில்லை. என் பயம் கண்ணைப் பற்றியது. மேல் பல்லில் கை வைத்தால் கண் போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் சொல்லாத ஆள் கிடையாது. கண் போனால் எனக்கு எஞ்சின் இல்லை. ரயில்வேயில் எங்களுக்குக் கண் பரிசோதனை உண்டு. தூரத்து எழுத்தைப் படிக்க வேண்டும், சிவப்பு விளக்கா பச்சை விளக்கா என்று தப்பாமல் சொல்ல வேண்டும். தவறினால் எஞ்சினிலிருந்து இறக்கி, யார்டில் சாம்பல் அள்ள விட்டுவிடுவார்கள். என் முறை அடுத்த மாதம் வர இருந்தது. அதில் தேறினால் ஒரு படி மேலே போகலாம். நானும் என் வீட்டுக்காரியும் அதை நம்பித்தான் இருந்தோம்.

அந்தப் பயத்துக்குத் தினமும் கரி அள்ளிப் போட்டவர் எங்கள் டிரைவர். தண்டையார்பேட்டைக்காரர், என்னைவிட மிகவும் மூத்தவர். பல வருஷமாக அவரும் நானும் ஒரே எஞ்சினில் ஜோடி. எஞ்சினில் ஒரு சட்டம் உண்டு. சிக்னல் கைகாட்டி கண்ணில் பட்டதும் ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவர் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். கை மேலே நின்றால் நிற்க வேண்டும், இறங்கினால் போகலாம். நான் “இறங்கிடுச்சு” என்பேன். அவர் “இறங்கிடுச்சு” என்பார். வண்டி போகும்.

ஆபரேஷன் என்று சொன்னதிலிருந்து அந்த மனிதருக்கு வேறு பேச்சே இல்லை.

“மேல் பல்லு வேரு நேரா கண்ணாண்ட போய் நிக்குது நைனா. அத்த நோண்டுனா கண்ணு காலி. வாணாம், சொல்றத கேளு.”

ஹார்பரில் மூட்டை தூக்குகிற ஒருவனுக்குப் பல் பிடுங்கி மறுநாளே கண் அவிந்த கதையைச் சொன்னார். மறுநாள் அதே கதையை இன்னும் கொஞ்சம் கண்ணீரோடு சொன்னார். நீ போய்ப் படுத்துக்கொண்டால் வேறு எவனையோ என்னோடு ஏற்றிவிடுவான்கள் என்று அலுத்துக்கொண்டார். எனக்கு அது பாசமாகத்தான் பட்டது. நான் கரி அள்ளுகிற இடைவெளியில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் கைகாட்டிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். கடைசியாகப் பார்த்துக்கொள்கிற மாதிரி பார்த்தேன்.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். “கண்ணு போனா போவட்டும்யா. என் மூஞ்ச பாக்காம நிம்மதியா இருக்கலாம்ல” என்றாள். சொல்லிவிட்டு வெகுநேரம் அதே மீனையே கழுவிக்கொண்டிருந்தாள்.

குறித்த நாளில் டிரைவரும் லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தார். வழி நெடுக என் தோளில் கை போட்டபடியே நடந்தார். டிராமில் ஏறும்போதும் இறங்கும்போதும் விடவில்லை. கோயிலுக்குப் பலி கொடுக்கக் கூட்டிப் போகிற ஆட்டைப் பிடித்துக்கொண்டு வருவதுபோல வருகிறாரே என்று எரிச்சலாக இருந்தது. ஆனாலும் அந்தக் கையை உதற மனம் வரவில்லை.

நாற்காலியில் சாய்த்து ஊசி போட்டார்கள். முதலில் உதடு மரத்தது. பிறகு மூக்கின் ஓரம். பிறகு கண்ணின் கீழ் இமை. இமையை விரலால் தொட்டேன், அது யாருடையதோ போல் இருந்தது. போய்விட்டது, கதை முடிந்தது என்று நினைத்தேன். எழுந்து ஓடிவிடலாம் என்றால் டாக்டர் ஏற்கெனவே கீறிவிட்டார். அப்புறம் உளி, சுத்தியல். வலி இல்லை. சத்தம்தான். மண்டைக்குள்ளேயே யாரோ ரிவிட் அடிப்பதுபோல் ஒவ்வொரு அடியும் இடது கண்ணுக்குள் போய் நின்றது. நான் அந்தக் கண்ணை மூடவே இல்லை. மூடினால் திறக்காது என்று ஒரு நம்பிக்கை. மேலே இருந்த விளக்கையே முறைத்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியக் கிடந்தேன்.

வேர் வந்தது. ஊசிமிளகாய் நீளம்கூட இருக்காது. இதற்கா இத்தனை என்று தோன்றியது. வாயில் பஞ்சை அடைத்து, தையல் போட்ட இடத்தை நாக்கால் துழாவக் கூடாது, ஐஸ் வைக்க வேண்டும் என்று டாக்டர் என்னென்னவோ சொன்னார். என் காதில் எதுவும் ஏறவில்லை. வெளிச்சம் தெரிகிறது, அது போதும் என்றிருந்தது.

மறுநாள் காலையில் அதுவும் போனது. விழித்தால் இடது கண் திறக்கவில்லை. கன்னம் வீங்கி மேலேறி இமையை முழுசாக மூடிவிட்டிருந்தது. விரலால் பிளந்து பார்த்தேன், சிவப்பாக ஒரு கீற்றுதான் தெரிந்தது. வாய் திறக்க முடியாமல், அடிபட்ட மாடு மாதிரி சத்தம் போட்டேன். என் வீட்டுக்காரி ஓடிவந்து கையைத் தட்டிவிட்டாள். வீங்கும், கண்ணு மூடிக்கும், அப்பால தானா திறக்கும்னு டாக்டர் சொன்னாரே, அப்போ எங்கே போயிருந்தே என்று கேட்டாள். நான் நம்பவில்லை. டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஹார்பர்காரனுக்கும் இப்படித்தானே சொல்லியிருப்பார்கள்.

அவள் மீன் விற்கிறவள். கூடையில் போடுகிற ஐஸைக் கடற்கரையிலிருந்து சாக்கில் சுற்றிக் கொண்டுவருவாள். ஐஸில் ஒட்டிய மரத்தூளைக் கழுவி, துணியில் முடிந்து கன்னத்தில் வைப்பாள். வஞ்சிர மீன் வாடை அடிக்கும். ஆறின கஞ்சியை வலது பக்கமாக ஊற்றுவாள். அழுகை வரும்போதெல்லாம் ஐஸ் தண்ணி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். அவளும் ஆமாம் என்றாள். கண் பரிசோதனையைப் பற்றி இருவருமே பேசவில்லை.

பிறகு ஒரு நாள் விடிந்தபோது இமை லேசாகப் பிரிந்தது. எங்கள் வீடு திருவொற்றியூரில், ரயில் பாதையை ஒட்டி. பின்வாசலில் நின்றால் தூரத்துக் கைகாட்டி தெரியும். போய் நின்று வலது கண்ணைப் பொத்தினேன். முதலில் கலங்கல். சிமிட்டச் சிமிட்டத் தெளிந்தது. கம்பம் தெரிந்தது. கை தெரிந்தது. கை மேலே நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. அங்கேயே உட்கார்ந்து, தையல் வலிக்க வலிக்க வாய்விட்டு அழுதேன்.

அன்று சாயங்காலம் டிரைவர் வந்தார். நான் படுத்திருந்த நாளெல்லாம் அவரும் லீவு என்று அப்போதுதான் தெரிந்தது. வாசற்படி ஏறும் முன்பே, “கண்ணு தெரியுதா நைனா?” என்றார். தெரிகிறது என்றேன். ஆனாலும் எனக்குள் ஒரு மூலையில் சந்தேகம் பாக்கி இருந்தது. அவரைப் பின்வாசலுக்குக் கூட்டிப்போய், நான் ஒற்றைக் கண்ணால் பார்க்கிறேன், நீங்கள் முதலில் சொல்லுங்கள், நான் பார்ப்பதோடு ஒத்து வருகிறதா என்று தெரிந்துகொள்கிறேன் என்றேன்.

அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு கைகாட்டி இருந்த திசையைப் பார்த்தார்.

“இறங்கிடுச்சு” என்றார்.

என் இடது கண்ணுக்குக் கை மேலே நின்றது. இரண்டு கண்ணாலும் பார்த்தேன், அப்போதும் மேலேதான் நின்றது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். அவள் கையைத் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்து, மேலதான் கீது, ஏன்யா கேக்குற என்றாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

எத்தனை வருஷம். எப்போதும் நான்தான் முதலில் சொல்லியிருக்கிறேன். அவர் திருப்பி மட்டும்தான் சொல்லியிருக்கிறார். எண்ணெய் டாங்க் வண்டிகளை இழுத்துக்கொண்டு ஹார்பருக்குள் போன அந்த எஞ்சினில் பார்க்கிற கண் என்னுடையது மட்டும்தான் இருந்திருக்கிறது. உளிக்கும் சுத்தியலுக்கும் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

“பொர வியுந்துகீது” என்றார் அவர். இரண்டு கண்ணிலும் புரை. போன பரிசோதனையில் எழுத்துகளை முன்பே மனப்பாடம் செய்து ஒப்பித்துத் தப்பித்ததாகச் சொன்னார். டாக்டரிடம் போனால் எஞ்சினை விட்டு இறக்கிவிடுவார்கள், கண்ணிலும் கத்தி வைப்பார்கள், அதனால் யாரிடமும் சொல்லவில்லை என்றார். ஹார்பர்காரன் கதையை அவர் எனக்காகச் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. இனி உங்களோடு ஏற மாட்டேன், நீங்களே ஆபீஸில் போய்ச் சொல்லுங்கள் என்று வீங்கின வாயால் குழறிக் குழறிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். கிளம்பினவர் படியில் நின்றார்.

“ரொம்ப பயமா கீது நைனா. கூட வரியா?”

நான் தையல் பிரிக்கப் போன அன்றே அவரையும் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். என் தோளில் அதே கை. தெருவைக் கடக்கும் இடத்தில் நின்றோம். “டிராம் வருது” என்றேன். “டிராம் வருது” என்று அவர் திருப்பிச் சொன்னார்.