ஐரிஷ் நடிகர் கொண்டுவந்த ஆறுதல்

காலை ஆறு மணி. லண்டன் கில்பேர்னில் பத்திரிகைக் கடையின் இரும்புக் கதவை நான் மேலே சுருட்டியபோது முதலில் தெரிந்தவை ஒரு சோடிச் சப்பாத்துகள். மழையில் ஊறியவை. பிறகு நித்திரை உடுப்பின் கோடு போட்ட காற்சட்டை, அதற்கு மேல் நீண்ட கறுப்பு மேலங்கி, கடைசியாக அந்த முகம். பாதாள ரயில் நிலையச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்த நாடக விளம்பரத்தின் அதே முகம். "டப்ளின் பேப்பர் வந்துவிட்டதா?" என்று கேட்டார். எண்பதுகளின் கடைசி அது. யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் செய்தி திருத்திக்கொண்டிருந்த நான், அந்தக் கடையில் பேப்பர்க் கட்டுகளை அவிழ்க்கும் வேலையில் சேர்ந்திருந்தேன்.

கடை வெம்பிளியிலிருந்த ஒரு குஜராத்திக்காரருடையது. நடத்தியவர் அண்ணை. என் உடன்பிறந்தவரல்ல, ஊரில் அடுத்த ஒழுங்கையில் குடியிருந்தவர். அவருடைய அகதி விண்ணப்பம் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. முடிவு வருமுன் நாட்டை விட்டு வெளியேறினால் திரும்பி வர ஏலாது. வயதான தாய் ஊரில் தனியாக இருந்தார். அண்ணை அவருக்குக் கடைசி மகன்.

நடிகர் பேப்பரை வாங்கிக்கொண்டு போய்விடமாட்டார். கவுண்டரில் சாய்ந்து நின்று பேசுவார். "உங்கள் தீவிலும் வடக்கில்தான் சண்டை, எங்கள் தீவிலும் வடக்கில்தான் சண்டை. இரண்டுக்கும் வரைபடம் கீறியவன் ஒருவன்தான்" என்பார். ஐரிஷ் போராளிகளின் குண்டுகள் லண்டனில் வெடித்த நாட்களில், தன் ஊர்க் குரலில் கூப்பிட்டால் டாக்சி நிற்காது என்பதால், மேடையில் இங்கிலாந்து ராஜாவாக நடித்த குரலில்தான் கூப்பிடுவாராம். அந்தக் குரலில் கூப்பிட்டும் காட்டினார். "மேடையிலை ஆக்களை அழவைக்கிற மனுசனாம். இஞ்சை வந்தா வாய் மூடாது" என்று அண்ணை என்னிடம் தமிழில் சொல்லிச் சிரித்தார்.

ஒருநாள் மட்டும் நடிகர் தன் தாயைப் பற்றிச் சொன்னார். அவர் இங்கே மேடையில் நின்ற மாலையில் தாய் அங்கே இறந்துபோனார். கப்பல் ஏறி ஊர் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அவர்கள் நாட்டில் இறந்தவரின் உடலை ஒரு கணமும் தனியே விடமாட்டார்கள். அயலவர்கள் மாறி மாறி அருகில் இருப்பார்கள்; தேநீர் குடிப்பார்கள், சிரிக்கப் பகிடி கூட விடுவார்கள், ஆனால் அருகில் உட்காரும் கதிரை வெறுமையாகாது. "அவள் தனியாக இருக்கவில்லை. அதை நினைத்துத்தான் தூங்குகிறேன்" என்றார்.

தொண்ணூறில் யாழ்ப்பாணத்தில் மறுபடி சண்டை மூண்டது. அண்ணையின் தாய் இறந்த செய்தி கொழும்பிலிருந்து தொலைபேசியில் வந்தபோது முப்பத்தொன்றாம் நாள் கிரியைக்குரிய நாளும் கடந்துவிட்டிருந்தது. இறந்தார் என்பதற்கு மேல் சொன்னவருக்கு ஒன்றும் தெரியாது. "தாய்க்குக் கொள்ளி வைக்கிறது கடைசி மகன். நான் இஞ்சை நிக்கிறன். அப்ப ஆர் வச்சது?" என்று அண்ணை கேட்டார். அன்று முழுக்க அதையேதான் கேட்டார்.

மறுநாள் விஷயம் அறிந்த நடிகர் தாயின் பெயரையும் ஊரையும் கேட்டுப் போனார். நடிகரின் தங்கை ஒரு கன்னியாஸ்திரி. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்து மடமொன்றில் தாதியாக இருந்தார். பல வாரங்கள் கழித்துத் தங்கை கொழும்புக்கு வந்து அவருடன் தொலைபேசியில் பேசியிருக்கிறார். பேசி முடித்த கையோடு நடிகர் கடைக்கு ஓடிவந்தார். முகம் மலர்ந்திருந்தது. ஷெல் விழுந்து ஊர்ச் சனம் எல்லாம் ஓடிய பிறகு, எழும்ப ஏலாமல் கிடந்த தாயைச் சகோதரிகள் மடத்துக்குத் தூக்கிப்போனார்களாம். அங்கேதான் இறந்தாராம். தங்கை விடியும்வரை பக்கத்தில் இருந்தாராம். பிறகு தங்கள் சகோதரிகளைப் புதைக்கும் இடத்திலேயே குழி வெட்டிப் புதைத்து, சிலுவை நட்டு, பெயரும் எழுதினார்களாம். "அவர் தனியாக இருக்கவில்லை" என்று நடிகர் அண்ணையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தாங்க் யூ, சேர்" என்றார் அண்ணை.

நடிகர் போன பிறகு அண்ணை பால் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "எரிக்கேல்லையடா. தாட்டுப்போட்டினம்."

"அவரிட்டை ஒருக்காச் சொல்லட்டோ, அண்ணை?"

"விசரே உனக்கு? அந்தாள் எவ்வளவு ஆசையா வந்து சொன்னது. வாயைத் திறக்காதை."

விம்பிள்டன் கோயிலில் ஐயரிடம் கேட்டோம். புதைத்தவருக்கும் கிரியை செய்யலாம் என்றார், செய்தும் தந்தார். கிரியை முடிந்து கோயில் வாசலில் சப்பாத்துப் போடும்போது, "தீயைக் காட்டேல்லையே" என்றார் அண்ணை. அதன் பிறகு ஒவ்வொரு நவம்பரிலும், கத்தோலிக்கர் இறந்தவர்களை நினைக்கும் மாதத்தில், தங்கை அந்தக் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றியதாக நடிகர் வந்து சொல்வார். அண்ணை ஒவ்வொரு முறையும் "தாங்க் யூ, சேர்" என்பார். நடிகர் தெருமுனையில் திரும்பும்வரை கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நடிகர் காலமானார். உடலை அவருடைய நாட்டின் மேற்குக் கரைக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் அண்ணைக்குப் பிரித்தானியக் கடவுச்சீட்டு கிடைத்திருந்தது. நாங்கள் இருவரும் கப்பலில் போனோம். கடலிலிருந்து வீசிய காற்றில் பாதிரியாரின் வார்த்தைகள் சரியாகக் கேட்கவில்லை. அந்த ஊரில் குழியை அயலவர்களே மூடுகிறார்கள். மண்வெட்டி கைமாறி வரும். ஒரு கிழவர் களைத்து நிமிர்ந்து, பக்கத்தில் நின்ற அண்ணையிடம் அதை நீட்டினார். அண்ணை மேலங்கியைக் கழற்றி என்னிடம் தந்தார். குழி நிரம்பும்வரை வேறு எவரிடமும் அவர் மண்வெட்டியைக் கொடுக்கவில்லை. எவரும் கேட்கவும் இல்லை.

யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை சண்டையால் அந்த வருடமும் மூடியிருந்தது.