சம்மட்டிக்காரியும் கட்டெறும்பும்

என் அக்கா மோட்டார் உடைப்பதை ஒரு தடவை பார்த்தவர்கள் அவளிடம் சண்டைக்குப் போக மாட்டார்கள். செத்துப்போன தண்ணீர் மோட்டார், மின்விசிறி மோட்டார், துணி துவைக்கிற எந்திரத்தின் மோட்டார் எல்லாம் பழைய இரும்புக் கிடங்குக்கு வந்து அவள் காலடியில்தான் குவியும். ஒன்றை இழுத்துக் கால்களுக்கு நடுவே நிறுத்துவாள். சம்மட்டியால் மூன்றே அடி. ஓடு பிளந்துவிடும். உள்ளே இருக்கிற செம்புச் சுருளின் கழுத்தில் உளியை வைத்து வெட்டி, மறுபக்கத்திலிருந்து குடலை உருவுகிற மாதிரி கம்பியை உருவுவாள். நாலாவது அடி தேவைப்பட்டால் அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

அவளுக்கு இரண்டரை வயதில் ஒரு மகள். பெயர் அழகாகத்தான் வைத்தார்கள், யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பல் முளைத்த நாளிலிருந்து எல்லோரையும் கடிப்பதால் கட்டெறும்பு. கிடங்கு நாய் அவளைக் கண்டால் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதன் காதில் அவளுடைய நாலு பல் இன்னும் பதிந்திருக்கிறது.

கட்டெறும்பின் வயிற்றில், தொப்புளுக்கு இடப்பக்கம், தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு பேஸ்மேக்கர் இருக்கிறது. பிறந்தபோதே இதயத்தின் மேல் மாடி சொல்வது கீழ் மாடிக்குக் கேட்கவில்லை. அதன் போக்கில் விட்டால் நிமிஷத்துக்கு நாற்பது தடவை அடிக்கும், அந்த வயதுக்குக் குறைந்தது நூறு வேண்டும். அதனால் பத்தாவது மாதம் வயிற்றைக் கிழித்துப் பெட்டியை வைத்தார்கள். பெட்டியிலிருந்து ஒரு கம்பி விலா எலும்புக்கு அடியில் ஏறி இதயத்தில் போய் ஒட்டியிருக்கும். அது ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டுத் தட்டினால்தான் இதயம் துடிக்கும்.

"அடிச்சாதான் வேலை பாக்கும்னா அது உன் பிள்ளையேதான்" என்றார் மாமா. மாமா என்றால் அக்காவின் புருஷன். லாரி ஓட்டுகிறார், மாதத்தில் இருபது நாள் ரோட்டில். மீதிப் பத்து நாளில் அவர் சொன்ன நகைச்சுவைகளில் இது ஒன்றுதான் தேறியது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். காந்தத்தைப் பெட்டியிலிருந்து ஒரு சாண் தள்ளியே வைக்க வேண்டும். வயிற்றில் பலமாக அடிபடக் கூடாது. மற்றபடி ஓடட்டும், விழட்டும், சாதாரணப் பிள்ளையாக வளரட்டும் என்றார். இந்தக் கடைசி வரி மட்டும் அக்காவின் காதில் ஏறவே இல்லை.

காந்த விஷயத்தைப் பழைய இரும்புக்காரர்களிடம் சொல்வதும் மீனிடம் ஈரத்தை விடச் சொல்வதும் ஒன்றுதான். எங்கள் கிடங்கில் சட்டைப் பையில் காந்தம் இல்லாத ஆளே கிடையாது. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய வளையம் அது. என்ன சாமான் வந்தாலும் முதலில் அதை வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் பித்தளையோ செம்போ. ஒட்டுவதும் ஒட்டாததும்தான் இவர்களுக்கு உலகம். அந்தப் பையோடுதான் பிள்ளையைத் தூக்கவும் வருவார்கள்.

கிடங்கின் பின்பக்கத்து இரண்டு அறைதான் எங்கள் வீடு. அக்கா வாசலில் ஒரு எண்ணெய் டப்பாவை வைத்தாள். உள்ளே வருகிறவன் காந்தத்தை அதில் போட்டுவிட்டு வரவேண்டும். மறந்தால் கன்னத்தில் ஒன்று. முதலாளி ஒருநாள் மறந்து, மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்தார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. மூன்று அடியில் மோட்டார் உடைக்கிற ஆளை அவர் எங்கே தேடுவார்?

இரண்டாவது விஷயத்துக்கு அக்கா ஒரு பட்டை செய்தாள். லாரி டயர் டியூபை அகலமாக வெட்டி, உள்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்து, காலையில் எழுந்ததும் பிள்ளையின் வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டுவாள். கட்டெறும்பு உதைக்கும், கடிக்கும், தலையால் முட்டும். அக்கா அதன் இரண்டு கையையும் முழங்காலுக்கு அடியில் அமுக்கிக்கொண்டு முடிச்சுப் போடுவாள். தினமும் ஒரு மல்யுத்தம். "கொல்றியேக்கா" என்பேன். "செத்துப்போகாம இருக்கத்தான்டி கொல்றேன்" என்பாள். பிள்ளை தூங்கியதும் அதன் மார்பில் உள்ளங்கையை வைத்து எண்ணுவாள். நூறு வந்த பிறகுதான் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுவாள்.

கிடங்கில் அக்காவிடம் அடி வாங்காத ஒரே ஆள் தராசுக்காரர். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, சரக்கை எடை போடுவது அவர் வேலை. வாசலுக்குப் பத்தடி இருக்கும்போதே காந்தத்தை எடுத்து டப்பாவை நோக்கி வீசுவார், குறி தப்பாது. கட்டெறும்பு அவரைத் 'தாசு' என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிப்போய் முழங்காலைக் கடிக்கும். அவர் காலை நகர்த்தாமல் நிற்பார். "கடிச்சுக்கோடா ராஜா, பால்பல்லுதானே" என்பார்.

அப்படி ஒரு ஒழுங்கான மனிதரைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதற்கும் அந்தக் கைதான் காரணம். ஒருநாள் மத்தியானம், அவர் டப்பாவில் போட்ட காந்தத்தையே எடுத்து, அவருடைய கால்சட்டையின் பின்பையில் நழுவ விட்டேன். பிள்ளையைத் தூக்கினாலும் பின்பை தள்ளித்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அக்கா சோதனை போடுவாள், ஒரு அறை விழும், நான் சிரிப்பேன். அவ்வளவுதான் திட்டம்.

கட்டெறும்பு ஓடிவந்து அவரை முட்டியது. அவர் தூக்கினார். தூக்கிய கையிலேயே அது பின்னால் வளைந்து, கழுத்து தொங்கி, கந்தல் துணியாகிவிட்டது. உதடு நீலம்.

அக்கா பிள்ளையைப் பிடுங்கி என் கையில் திணித்தாள். அடுத்த நொடி அவள் கை தராசுக்காரரின் சட்டைப் பையில், பக்கப் பையில், பின்பையில். காந்தம் வெளியே வந்தது. அவள் அதைச் சுவரில் எறிந்தாள், மூன்று துண்டானது. சரியாக அதே நேரத்தில் என் கையில் இருந்த பிள்ளை ஒரு பெருமூச்சு இழுத்துக் கண்ணைத் திறந்தது.

அவளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. கதவோரம் சம்மட்டிக்குப் போட வைத்திருந்த புதுக் கைப்பிடி ஒன்று சாய்ந்திருந்தது. முதல் அடி தோளில். அவர் தடுக்கத் தூக்கிய இடது கையில் இரண்டாவது. எலும்பு முறிகிற சத்தம் ஈரக் குச்சியை ஒடிப்பது மாதிரி இருந்தது. மூன்றாவது முதுகில் விழுந்து அவர் மண்டியிட்டார்.

"நான் எடுத்துப் போட்டேன்மா. சத்தியமாப் போட்டேன்."

"போட்டது நடந்து வந்து உன் பின்னாடி ஏறுச்சா?"

நான் வாய் திறப்பதற்குள் அந்த மூன்று அடியும் விழுந்துவிட்டது. மூன்றாவதற்குப் பிறகும் நான் உடனே திறக்கவில்லை. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

நாலாவதற்கு அவள் ஓங்கும்போது அவர் தரையிலிருந்து சொன்னார். "என்னை அப்புறமா அடி. பிள்ளையப் பாரு."

கட்டெறும்பின் தலை மறுபடி என் தோளில் விழுந்திருந்தது. காந்தம் சுவரோரம் மூன்று துண்டாகக் கிடக்கிறது, ஒரு சாண் என்ன, பத்தடி தள்ளி. உதடு திரும்பவும் நீலம். அக்கா கைப்பிடியைப் போட்டுவிட்டு மார்பில் கையை வைத்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்துத் தராசுக்காரர் எழுந்து, முறிந்த கையை மறுகையால் அணைத்துக்கொண்டு கிடங்கு வேனுக்கு ஓடினார். அந்த நேரத்தில் கிடங்கில் இருந்தவர்களில் வேன் ஓட்டத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

கியர் போடவேண்டிய கைதான் முறிந்த கை. அதனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து கியர் போட்டேன். அவர் வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் "ரெண்டு" என்றார், "மூணு" என்றார். குறுக்கே வந்த தள்ளுவண்டியின் மூலையைப் பெயர்த்துக்கொண்டு போனோம். பின்னால் அக்கா எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. நிமிஷம் முடிந்தால் மறுபடி ஒன்றிலிருந்து.

"அந்தக் காந்தத்தை நான்தான் போட்டேன்" என்றேன்.

அக்கா எண்ணுவதை நிறுத்தவில்லை. தராசுக்காரர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மேலுதடு முழுக்க வியர்வை.

"அது அப்புறம். இப்ப மூணு போடு."

ஆஸ்பத்திரி வாசலிலேயே பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். மார்பில் மின்சாரப் பட்டைகளை ஒட்டி இதயத்தை வெளியிலிருந்து துடிக்க வைத்தார்கள். சாயங்காலம் டாக்டரம்மா ஒரு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். பெட்டி தெரிந்தது, கம்பி தெரிந்தது, விலா எலும்புக்குக் கொஞ்சம் கீழே கம்பியில் மயிரிழை அளவுக்கு ஒரு இடைவெளியும் தெரிந்தது.

"காந்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நேரா மேலயே வச்சிருந்தாலும், எடுத்ததும் பெட்டி பழையபடி ஆயிடும். இது கம்பி. தொட்டும் தொடாம இருந்திருக்கு, அதான் நடுவுல ஒரு தடவை முழிச்சிருக்கா. வளர்ற பிள்ளை, ஓடுது, குனியுது. ஒரே இடத்துல மடங்கி மடங்கி…"

"அந்த இடத்துல அறுந்துடும்" என்று அக்கா முடித்தாள். தினமும் நூறு கம்பியை அப்படி மடக்கி ஒடிக்கிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் இடுப்புச் செருகலிலிருந்து அந்த ரப்பர் பட்டையை எடுத்தாள். உள்ளே அனுப்பும்போது அவிழ்த்துக் கொடுத்திருந்தார்கள். அதன் மேல் விளிம்பைத் தன் வயிற்றில் வைத்துப் பார்த்தாள், பிறகு படத்தைப் பார்த்தாள்.

"இது கட்டுற இடமும் அதுவும் ஒண்ணு."

"இதனாலதான்னு சொல்ல முடியாது. கட்டாத பிள்ளைங்களுக்கும் அறுந்திருக்கு."

"இதனால இல்லைன்னு சொல்ல முடியுமா?"

டாக்டரம்மா படத்தை உறையில் போட்டார். "தெரியாதும்மா. புதுக் கம்பி வைக்கணும். நாளைக்குக் காலைல."

அக்கா நடைபாதைக்கு வந்து சுவரில் நெற்றியால் இடித்தாள். மோட்டார் உடைக்கிற அதே நிதானம். முதல் இடியில் தோல் கிழிந்தது. இரண்டாவதில் சுண்ணாம்பில் ரத்தம் ஒட்டியது. நான் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன், என்னை உதறி ஒரு நாற்காலி மேல் தள்ளினாள். மூன்றாவதற்குத் தலையைப் பின்னே இழுத்தபோது, கட்டுப் போட்ட கையைச் சுவருக்கும் அவள் நெற்றிக்கும் நடுவே ஒருவர் நீட்டினார்.

"மூணாவது அடி உனக்குப் பழக்கம், தெரியும். சுவர் பிளந்துடும்மா. அப்புறம் இதையும் நான்தான் எடை போடணும்."

அக்கா அந்தக் கட்டின் மேலேயே நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். அவருக்கு வலித்திருக்க வேண்டும், காட்டிக்கொள்ளவில்லை.

"அண்ணே" என்றாள்.

"நீ அடிச்சது தப்பு. நான் சும்மா இருக்கிறதால மறந்துட்டேன்னு நினைக்காத" என்றார். "இது ஆறுனதும் தனியா உக்காந்து பேசுவோம். இப்ப உக்காரு."

புதுக் கம்பி நன்றாகத்தான் பிடித்தது. மாமா லாரியைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்து நாலு நாள் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் அக்கா செய்த முதல் வேலை, உளியை எடுத்து அந்தப் பட்டையைத் துண்டு துண்டாக வெட்டியது. இரண்டாவது வேலை, ஊசியை எடுத்து என் எல்லா உடையிலும் இருந்த பைகளைத் தைத்து மூடியது. இன்றுவரைக்கும் நான் கைக்குட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் அலைகிறேன். தராசுக்காரரின் கை கூடும்வரை அவர் தூக்கவேண்டிய சரக்கை எல்லாம் அக்காவே தூக்கி வைத்தாள், தன் மோட்டார் வேலை போக.

பிள்ளையின் தையல் ஆறி இரண்டு மாதம் கழித்து, அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். பத்தடியில் நின்றார். காந்தத்தை டப்பாவில் போட்டார். பிறகு சட்டைப் பை, பக்கப் பை, பின்பை எல்லாவற்றையும் வெளியே இழுத்துத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அக்கா முற்றத்தில் ஒரு மோட்டாரோடு உட்கார்ந்திருந்தாள். கட்டெறும்பு "தாசு" என்று கத்திக்கொண்டு உள்ளிருந்து பாய்ந்தது. வயிற்றில் ஒன்றும் கட்டவில்லை. பாதி வழியில் ஒரு போல்ட்டு இடறிக் குப்புற விழுந்தது, முழு வயிறும் தரையில் படும்படி. நான் எழுந்தேன். தராசுக்காரர் ஒரு அடி முன்னால் வைத்தார்.

"விடுங்க" என்றாள் அக்கா. சம்மட்டியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு வரைக்கும் எனக்குக் கேட்டது.

கட்டெறும்பு எழுந்தது. மண்ணைத் துப்பியது. தன்னை விழவைத்த போல்ட்டை ஒரு உதை உதைத்துவிட்டு, ஓடிப்போய்த் தராசுக்காரரின் முழங்காலைக் கவ்வியது.

"பல்லு ஒண்ணு கூடியிருக்கு" என்றார் அவர், காலை நகர்த்தாமல்.

அக்கா சம்மட்டியை ஓங்கினாள். அன்றைக்கு அந்த மோட்டாருக்கு ஐந்து அடி தேவைப்பட்டது.