கெட்ட கள்ளனின் ஹேர் டிரையர்

சாவியோவின் தலைமுடி வளர்ந்தால் கீழே இறங்காது. மேலேயும் பக்கவாட்டிலும் போகும். அப்படி ஒரு சுருட்டை. மணலி ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறான். ஹெல்மெட் போட்டால் அது தலையில் உட்காராமல் முடிமேல் மிதக்கும். இந்த முடியால்தான் எங்கள் கோயில் பாஸ்கா நாடகத்தில் அவன் வருஷா வருஷம் கெட்ட கள்ளனாகத் தொங்கினான்.

பாஸ்கா என்றால் ஏசு பாடுபட்டு மரித்த கதை. ராயபுரத்தில் எங்கள் கோயில் மைதானத்தில் பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடக்கும். கடைசியில் மூன்று சிலுவை நிற்கும். நடுவில் ஏசு. வலப்பக்கம், சாகும் நேரத்தில் மனம் திருந்தி மோட்சம் போகிற நல்ல கள்ளன். இடப்பக்கம், திட்டிக்கொண்டே சாகிற கெட்ட கள்ளன். நாடகத்தை எழுதி நடத்துகிறவர் ரயில்வேயில் ரிடையர் ஆன சவரிநாதன் அண்ணன். முடியைப் பார்த்துத்தான் அவர் வேஷம் கொடுப்பார். நேர் முடி என்றால் சீடர், முழு வழுக்கை என்றால் தலைமைக் குரு, சுருட்டை என்றால் கள்ளன். எனக்கு முன்பக்கம் மட்டும் வழுக்கை என்பதால், ஏசுவுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கை கழுவுகிற பிலாத்து. கேட்டால், "படத்துல எப்டி கீதோ அப்டித்தான்" என்பார். அவர் சொல்கிற படம் வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கும் திரு இருதய ஆண்டவர் படம். அதில் ஏசு மட்டும்தான், கள்ளனே கிடையாது. அதை நான் அவரிடம் சொல்லப் போவதில்லை, எனக்கு வேஷம் வேண்டும்.

நாடகம் ஒருநாள் கூத்து, பெயர் மட்டும் வருஷம் முழுக்க. டீக்கடையில், "இன்னா கள்ளா, டீயா, காபியா?" ரேஷன் கடை வரிசையில், "கள்ளனுக்கு வழி வுடுங்கப்பா." சாவியோவும் கூடவே சிரித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அவன் மகள் கரோலினின் வகுப்பில் யாருடைய காம்பஸ் பாக்ஸோ காணாமல் போனது. "கள்ளன் பொண்ணு பைய மொதல்ல பாருங்க மிஸ்" என்று ஒரு பிள்ளை சொல்ல, பையைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் இல்லை. அன்றோடு சாவியோவின் சிரிப்பு நின்றது. ஒரே ஒரு வருஷமாவது நடுச் சிலுவையில் ஏறி அந்தப் பெயரைத் தொலைக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னான். வேறு எதுவும் அவன் கேட்டு நான் பார்த்ததில்லை.

அதற்கு வழி விட்டது கடல்காற்று. போன வருஷம் ஏசு உயிர் விடுகிற நேரம் பார்த்துக் காற்று அடித்து, ஏசுவாகத் தொங்கிய அலெக்ஸாண்டரின் விக் பறந்துபோய், கீழே மாதாவாக நின்றிருந்த பெண்ணின் கையில் விழுந்தது. அவள் போட்ட அலறல் வசனத்தில் இல்லாதது. இனிமேல் விக்கே கிடையாது, சொந்த முடிதான் என்று சவரிநாதன் அண்ணன் அங்கேயே அறிவித்தார். அலெக்ஸாண்டரும் கத்தாருக்கு வேலைக்குப் போய்விட்டான். ஊரில் நீள முடி வைத்திருந்த ஒரே ஆண்பிள்ளை சாவியோ. கரோலினுக்கு டெங்கு வந்து கிடந்தபோது, அவள் பிழைத்தால் என் முடியை வளர்த்து வேளாங்கண்ணியில் கொடுக்கிறேன் என்று மாதாவுக்கு நேர்ந்திருந்தான். பிள்ளை பிழைத்தாள். லீவில் போய் மொட்டை போடுவதாக இருந்தார்கள்.

சவரிநாதன் அண்ணன் இரண்டு நிபந்தனை போட்டார்.

"முடி நேரா தோள்ல வந்து வுழணும். அப்பால, உன் எடத்துல தொங்குறதுக்கு நீயே ஆள இஸ்துகினு வரணும்."

இரண்டாவதுதான் கஷ்டம். கெட்ட கள்ளன் வேஷத்துக்கு எங்கள் கோயிலில் யாரும் வருவதில்லை. சாவியோ போய் விமலின் காலைப் பிடித்தான். விமல் அவனுடைய பள்ளிக்கூடத்துத் தோஸ்து. காசிமேட்டில் ஃபைபர் போட்டுக்கு ஒட்டுப் போடுகிற வேலை.

"மாமு, நான் முருகர் கும்புட்றவன்டா. சிலுவைல ஏறினா எங்க ஆத்தா வெளக்கமாத்த எடுக்கும்."

"கள்ளன்தானடா. அதுக்கு ஞானஸ்நானம்லாம் வேணா. சும்மா தொங்கினா போதும்."

"டயலாக் இன்னா?"

"என்னியத் திட்டணும்."

"அத்த நா டெய்லி பண்றேனே" என்று விமல் ஒத்துக்கொண்டான்.

இனி முடி. சாவியோவின் மனைவி ஜானட் முதலிலேயே சொல்லிவிட்டாள்: "இத பாரு, அது மாதாவோட முடி. வேஷத்துக்குக் கடன் வாங்குற, அவ்ளோதான். மருந்து போடக் கூடாது, இஸ்திரிப் பொட்டி மாரி வெச்சுத் தேய்க்கிறது கூடாது. ஒரு முடி கருகிச்சுன்னா நீ கள்ளனாவே தொங்கு."

அன்று சாயங்காலமே கருகியது. விமல் தன் பட்டறையிலிருந்து ஒரு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். போட்டில் ஒட்டுப் போட்ட இடத்தைக் காய வைக்கிற மெஷின். பார்ப்பதற்கு ஹேர் டிரையர் மாதிரியே இருக்கும், கைப்பிடி, மூக்கு எல்லாம் உண்டு. "அதுவும் சூடு காத்து, இதுவும் சூடு காத்து. இன்னாத்துக்குடா கடைக்குப் போற?" என்றான். இருவருமே மெஷினோடு பிழைக்கிறவர்கள், அதனால் பயமில்லை. காதுக்குப் பின்னால் ஒரு கொத்தை எடுத்து மெஷினைக் காட்டினார்கள். மீன் அலசிக்கொண்டிருந்த ஜானட், இன்னும் அடுப்பே பற்ற வைக்காத வீட்டில் ஏதோ தீய்கிறதே என்று எட்டிப் பார்த்தாள்.

அவள் கத்தவில்லை. கருகியதைச் சீப்பால் வாரி எடுத்து, பொட்டலமாக மடித்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள். வேளாங்கண்ணியில் அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமாம். விமலுக்கு அந்த வீட்டில் டீ நின்றது. சாவியோ சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனான். நேர்ந்த முடியைக் கருக்கியது எந்தக் கட்டளையில் வரும் என்று சாமியாருக்குப் பிடிபடவில்லை போல, பத்துக் கட்டளையையும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரம்மா சொல்றத கேளுப்பா. அதான் உனக்கு அபராதம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவன் அந்த அபராதத்தைத்தான் செலுத்திக்கொண்டிருக்கிறான்.

ஜானட் சொன்னது, "ஜீனத்த போய்க் கேளு." ஜீனத் பக்கத்துச் சந்தில் பெண்களுக்கு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். ஆம்பளைகள் உள்ளே வரக்கூடாது என்று போர்டு. சாவியோவும் விமலும் வாசல்படியில் நின்றார்கள். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"அண்ணே, பெரிய மெஷினா வாங்குனா நல்லதுன்னு நெனைக்காதீங்க. சூடு தனியா, காத்து தனியா கூட்டிக் கொறைக்கிற மாதிரி கீதான்னு பாருங்க. முன்னாடி மாட்ற தட்டையான மூக்கு ஒண்ணு தருவாங்க. அது இல்லாட்டி காத்து நாலா பக்கமும் போயி முடி இன்னும் பம்முனு ஆய்டும். முக்கியமா, குளுந்த காத்து பட்டன் இருக்கணும். சூட்டுல நேராக்கிட்டு, குளுந்த காத்துல நிறுத்தணும். அப்பதான் அது அப்டியே நிக்கும்."

"ஈரத்தோட காய வெக்கலாமா?"

"சொட்டச் சொட்ட காட்டுனா உள்ள தண்ணி கொதிச்சு முடி வெடிச்சுடும். துண்டால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. முக்கால்வாசி தானா காயட்டும். அப்பால சீரம் தடவிட்டு, நடுத்தர சூட்டுல, ஒரு சாண் தள்ளிப் புடிச்சு, மேலேர்ந்து கீழ. ஒரே எடத்துல நிறுத்தாதீங்க. எண்ணெ வெச்ச தலைல காட்டவே கூடாது, பொரிஞ்சுடும். போர் தண்ணில குளிக்காதீங்க, நம்ம ஏரியா தண்ணி உப்பு." விமலைப் பார்த்து, "போட்டு மெஷின் கொண்டாந்தது இவருதானா?" என்றாள். விமல் போர்டைப் படித்துக்கொண்டிருந்தான்.

பர்மா பஜாரில் கடைக்காரன் சிவப்பாக ஒன்றை எடுத்துக் காட்டினான். அதன் சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரனே திரும்பிப் பார்த்தான். "தலைவா, இத்த அடிச்சா கண்ணாடி மாரி ஆய்டும்" என்றான். சாவியோ ஒயரை இழுத்துப் பார்த்தான், பிளக்கை முகர்ந்து பார்த்தான், உள்ளங்கையில் காற்றை வாங்கிப் பார்த்தான். "குளுந்த காத்து வருமா?" என்று கேட்டான். "குளுந்த காத்துக்கு ஃபேன் வாங்கு மாமு, டிரையர் இன்னாத்துக்கு?" என்றான் கடைக்காரன். மூவரும் இறங்கி அடுத்த கடைக்குப் போனோம். கடைசியில் கிடைத்தது மடக்குகிற மாதிரி சின்னதாக ஒன்று. சூடு தனி, காற்று தனி, தட்டை மூக்கு, குளிர்ந்த காற்று பட்டன், எல்லாம் இருந்தது. நிறம் மட்டும் இளஞ்சிவப்பு. அந்த மாடலில் வேறு நிறம் வராதாம்.

தன் பின்னந்தலையைத் தானே காய வைக்க முடியாது. கருக்கியவனே கற்றுக்கொள்ளட்டும் என்று ஜானட் சொல்லிவிட்டாள். அதனால் விமல்தான் வந்து செய்தான். பெரிய வெள்ளிக்கு முந்தைய தவக்காலம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், சாவியோ முக்காலியில் உட்கார்ந்திருப்பான். விமல் பின்னால் நின்று ஒரு சாண் அளந்து, மேலேயிருந்து கீழே, மேலேயிருந்து கீழே என்று ஓட்டிக்கொண்டிருப்பான். முதலில் தன் முன்கையில் காற்றைக் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிக்குக் காட்டுவான். ஜானட் கூடவே நின்று பார்த்தாள். ஒரு முடி கருகவில்லை. விமலுக்கு டீ திரும்ப வந்தது.

நாடகத்துக்கு முந்தைய ஞாயிறு, குருத்து ஞாயிறு ஒத்திகையில் சாவியோவின் முடி தோளில் வந்து விழுந்தது. சவரிநாதன் அண்ணன் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "படம் மாரியே கீறடா" என்றார். கரோலின் அப்பாவின் முடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சாவியோ சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு பார்க்கிறேன், எனக்கே சந்தோஷமாக இருந்தது. திரும்பி வரும் வழியில் டீக்கடைக்காரர், "வாப்பா ஏசு" என்றார். பக்கத்தில் நின்ற விமலைப் பார்த்து, "கள்ளனுக்கு இன்னா, டீயா, காபியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். விமலும் கூடவே சிரித்தான். சாவியோ டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

பெரிய வெள்ளிக்கிழமை மைதானம் நிறைந்திருந்தது. தோட்டத்தில் ஜெபிக்கும் காட்சியில் முடி நேர். நான் கை கழுவும் காட்சியிலும் நேர். எல்லோரும் எல்லாம் யோசித்திருந்தோம், ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. முள்முடி வைக்கும்போது வீரன் ஒரு சொம்பு பீட்ரூட் சாற்றைத் தலையில் ஊற்றுவான். ரத்தம். வருஷா வருஷம் ஊற்றுவதுதான், விக்மேல் ஊற்றுவோம். ஜீனத் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சொம்பு சாய்ந்ததும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சாறும் கடல்காற்றும் சேர்ந்து, ஏசு சிலுவையைச் சுமந்து முதல் முறை விழும்போது ஒரு பக்கம் சுருண்டது. மூன்றாம் முறை விழுந்து எழுந்தபோது முழுத் தலையும் பழையபடி ஆகிவிட்டது. சிலுவையில் ஏற்றி நிறுத்தினார்கள். கூட்டத்திலிருந்து ஒரு குரல்:

"டேய், கள்ளன் நடுவுல ஏறிட்டான்டா!"

மைதானமே சிரித்தது. ஆண்டவர் சாகிறார், ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குரல்காரன் கையில் கிடைத்திருந்தால், பிலாத்து உடுப்போடேயே நாலு சாத்து சாத்தியிருப்பேன். மேலே சாவியோவின் முகம் தொங்கிப்போயிருந்தது. இன்னொருத்தன் விட்டுவைப்பானா? "அப்ப இடது பக்கம் யாருடா?" என்றான். "அதுவும் கள்ளன்தான், காசிமேட்டுக் கள்ளன்!" சிரிப்பு இடப்பக்கம் திரும்பியது. விமல் திட்ட வேண்டிய வசனத்தை மறந்துபோய், தலையைக் குனிந்துகொண்டு தொங்கினான்.

வலப்பக்கம் நல்ல கள்ளனாக லூர்து. பல வருஷமாக மோட்சம் போய்ப் பழகியவன். சிரிப்பைச் சட்டை பண்ணாமல், "ஆண்டவரே, உம் அரசில் என்னையும் நினைத்துக்கொள்ளும்" என்று கணீரென்று சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தான். சாவியோ வலப்பக்கம் திரும்பிப் பதில் சொல்ல வேண்டும். அவன் இடப்பக்கம் திரும்பினான்.

"ரைட்டு! ரைட்டுல பார்றா!" என்று என் பக்கத்தில் சவரிநாதன் அண்ணன் துடித்தார்.

சாவியோ விமலைத்தான் பார்த்தான். "இன்றே நீ என்னோடு வந்து என் தந்தையின் வீட்டில் இருப்பாய்" என்றான்.

விமல் நிமிர்ந்தான். அவனுக்கு அங்கே வசனம் கிடையாது. கதையும் சரியாகத் தெரியாது. நடுச் சிலுவையில் கட்டியிருந்த மைக்கில் அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

"சரி மாமு."

சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் அடக்கவில்லை, தானாகவே நின்றது. பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நானும் அழுதேன், சொல்வதற்கென்ன.

திரை விழுந்ததும் லூர்து இறங்கி வந்து குதித்தான். "என் மோட்சத்தத் தூக்கி அவனுக்குக் குட்த்துட்டான் அண்ணே! நா இன்னா பாவம் பண்ணேன்?" சவரிநாதன் அண்ணன் நாடகத் தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தார். "கதையே மாறிப்போச்சேடா. ஏன்டா அப்டி பண்ண? முடிதான் கெட்டுச்சு, புத்தியுமா கெட்டுச்சு?"

சாவியோ பீட்ரூட் சாறு வடிய நின்றான்.

"அந்த எடத்துல இத்தினி வருசம் நா தொங்கினு இருந்தேன் அண்ணே. ஒரு வருசம் கூட நடுவுல கீறவன் என் பக்கம் திரும்பினதில்ல. இன்னிக்கி எல்லாரும் சிரிக்கிறாங்கோ, அவன் தலையத் தொங்கப் போட்டுகினு கீறான். நாந்தான அவன அங்க ஏத்துனேன். நா வேற எந்தப் பக்கம் திரும்புவேன்?"

சவரிநாதன் அண்ணன், சாவியோவின் தலையைக் கழுவ லூர்துவிடம் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.