புல்வெளியில் ஒரு பச்சை விரிப்பு

கூடத்திலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது.

படுக்கையறையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்த சேதுமாதவனின் விரல்கள் பொத்தானிலேயே நின்றுவிட்டன. தரைவிரிப்பின் மேல் கோல்ஃப் பந்து உருண்டுபோய், படுக்க வைத்த எவர்சில்வர் டம்ளருக்குள் விழுகிற சத்தம் அது. ஒரு காலத்தில் இந்த அபுதாபி வீட்டில் சாயங்காலம் தவறாமல் கேட்ட சத்தம். போன வருஷம் ஆகஸ்டு மாதத்தோடு அது நின்று போயிற்று. நிறுத்தியவர் சேதுமாதவனேதான். மட்டையை ஒட்டடைக் குச்சியோடு கூடத்து மூலையில் சாத்தினவர், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது அதை எடுத்துத் தட்டிக்கொண்டிருப்பவன் சுஐபு. கீழக்கரைக்காரன். சேதுமாதவன் வேலை பார்க்கிற கம்பெனியிலேயே பம்ப் ஹவுஸ் சூப்பர்வைசர். பயிற்சிக்காக ஸ்காட்லாந்துக்கு, அபர்டீன் நகரத்துக்கு அனுப்பப்பட்டு நேற்றுத்தான் திரும்பியிருக்கிறான். சேதுமாதவனின் மனைவி நளினி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, அந்த டம்ளரையே தரையில் சாய்த்து விளையாட ஆரம்பித்துவிட்டான் போலிருக்கிறது.

சேதுமாதவன் வேண்டுமென்றேதான் தாமதித்தார். போட்டிருந்த சட்டையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சுஐபு ஸ்காட்லாந்தில் யாரைப் பார்த்துவிட்டு வந்திருப்பான் என்பது அவருக்குத் தெரியும். அவனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. மக்ரே காத்திருந்தாரா? அதற்கு 'இல்லை' என்ற பதில் வந்துவிட்டால் போதும், பதின்மூன்று மாதமாக நெஞ்சில் கிடக்கிற கல் இறங்கிவிடும்.

மக்ரே அவர்களுடைய தலைமை எஞ்சினியராக இருந்தவர். சேதுமாதவன் அவரிடம் வரைபடக்காரராகச் சேர்ந்தபோது, இந்தத் திருச்சிக்காரருக்கு கோல்ஃப் என்றால் பணக்காரர்கள் வேலையற்றுப் போய் நடப்பது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை துரை அவரைக் காரில் ஏற்றி ஊருக்கு வெளியே கூட்டிப் போனார். புல் என்று ஒரு நுனி கிடையாது. கண்ணுக்கெட்டிய வரை மணல். குழியைச் சுற்றி மட்டும் மணலில் எண்ணெய் கலந்து, கெட்டியாக்கி, சாணி மெழுகிய வாசல் மாதிரி வழவழப்பாக்கியிருந்தார்கள். பந்து மணலில் புதைந்துவிடும் என்பதால் ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு சின்னப் பச்சை விரிப்பைக் கையோடு வைத்திருப்பார்கள். பந்து விழுந்த இடத்தில் அதைப் போட்டு, அதன் மேல் பந்தை வைத்து அடிக்க வேண்டும். அடித்ததும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

துரை எதற்காகத் தன்னைக் கூட்டி வந்தார் என்பது முதல் அடியிலேயே சேதுமாதவனுக்குப் புரிந்துவிட்டது. துரையின் கண் மங்கிக்கொண்டு வந்தது. அடிப்பதில் குறை இல்லை. ஆனால் அடித்த பந்து எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியாது. மணலில் தெரிவதற்காகப் பந்துக்குச் சிவப்புச் சாயம் அடித்திருந்தும், அந்த வெள்ளை வானத்துக்கும் வெள்ளை மணலுக்கும் நடுவே அவர் கண் அதைத் தொலைத்துவிடும். "எங்கே சேது?" என்று கேட்பார். இவர் பார்த்துச் சொல்லுவார். கம்பெனியில் வேறு யாருக்கும் தெரியாத ரகசியம் அது. நம்பிக்கையான மனிதனிடம் மட்டும் காட்டிய காயம்.

சில மாதத்தில் இவர் கையிலும் ஒரு மட்டையைக் கொடுத்தார். தன் விரிப்பையே பாதியாக வெட்டி, ஒரு பாதியை இவருக்குத் தந்தார்.

ஆனால் சேதுமாதவனைப் பிடித்து ஆட்டியது அந்த மணல் மைதானம் அல்ல. மக்ரே பேசிப் பேசியே கட்டிக்கொடுத்த இன்னொரு மைதானம். அவர் பிறந்த ஊர் ஸ்காட்லாந்தின் வடக்கே, மலைகளுக்கு நடுவே இருந்தது. உலகமெல்லாம் கடலோர மைதானங்களைத்தான் கொண்டாடுகிறது, என் ஊர் மைதானத்துக்குக் கடல் கிடையாது, அதனால் யாரும் வர மாட்டார்கள், நல்லதாகப் போயிற்று என்பார். முதல் குழிக்கு ஒரு மேட்டில் ஏறி நின்று அடிக்க வேண்டுமாம். கீழே பால் விடாத டீயின் நிறத்தில் ஒரு ஆறு. இரண்டு பக்கமும் சுண்ணாம்பு பூசினாற்போல் அடிமரம் வெளுத்த மரங்கள். ஆகஸ்டு பிறந்தால் மலைச்சரிவு முழுவதும் ஹெதர் என்கிற புதர்கள் ஊதாவாய்ப் பூத்து, தேன் வாசனை வீசும். சில நாள் மான் கூட்டம் பாதையில் நிற்கும். அவை போகும் வரை ஆட்டக்காரர்கள் மட்டையை ஊன்றிக்கொண்டு காத்திருப்பார்கள். யாரும் விரட்ட மாட்டார்கள்.

ஒரு நாள் மக்ரே சொன்னதைச் சேதுமாதவன் மறக்கவே இல்லை. அங்கே பந்தை அடித்தால் பின்னால் நிற்பது வானம் அல்ல, மலை. மலை கறுப்பு, பந்து வெள்ளை. அது மேலே போய்ச் சற்று நேரம் அந்தக் கறுப்பின் மேல் ஒரு பொட்டு மாதிரி நிற்கும். அங்கே என் கண்ணுக்கே தெரியும் சேது என்றார்.

அதன் பிறகு இருவரும் மணலில் ஆடியது அந்த ஆட்டத்தைத்தான். துருப்பிடித்த தார் டிரம் வெள்ளை மரமாயிற்று. லாரிச் சக்கரத் தடம் ஆறாயிற்று. நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் வியர்வை கண்ணில் இறங்க, இதோ ஆற்றைத் தாண்டிவிட்டது சார் என்று இவர் சொல்வார். கிழவர் குழந்தை மாதிரிச் சிரிப்பார். போர்டுக்கும் ஸ்கேலுக்கும் நடுவே வாழ்க்கையைக் கழித்த ஒரு மனிதருக்கு, தான் கண்ணால் பாராத ஓர் இடத்தின் மேல் இப்படி ஒரு மோகம் வந்தது என்றால் யார் நம்புவார்கள்? பகலில் கோடு போடும்போதெல்லாம் அந்த ஆறு வளைந்து வளைந்து காகிதத்தில் ஓடிற்று.

ஓய்வு பெற்றுப் போகும்போது விமான நிலையத்தில் மக்ரே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஆகஸ்டில், இருபதாம் தேதி வா, என் கண்ணுக்கு அதுதான் கடைசி ஆகஸ்டாக இருக்கும் என்று டாக்டர் சொல்கிறார், நீ பார்த்துச் சொல்லு, நான் அடிக்கிறேன் என்றார். சேதுமாதவனின் அரைத் துண்டு விரிப்பையும் விளையாட்டாக வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். நீ மணலில் பழகியவன், புல்லைப் பார்த்தால் பயந்துவிடுவாய், முதல் அடிக்கு இதைப் போட்டுத் தருகிறேன் என்றார்.

சேதுமாதவன் தலையாட்டினார். கண்டிப்பாக வருகிறேன் சார் என்றார். பெரியவர் ஒருவர் ஆசையாகக் கேட்கும்போது முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லி அவர் வளர்ந்ததில்லை. வருகிறேன் என்று சொல்லி அனுப்பி வைப்பதுதான் மரியாதை. நடப்பது நடக்காதது பிற்பாடு. கேட்கிறவருக்கும் அது புரியும். நம் ஊரில் புரியும்.

மக்ரேயின் ஊரில் புரியுமா என்று அவர் யோசிக்கவில்லை.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவர் கூடத்துக்கு வந்தார். சுஐபு மட்டையைச் சுவரில் சாய்த்தான்.

"மாப்பிள்ளை மாதிரி அலங்காரம் பண்ணிட்டு வர்றீங்க. நான் பொண்ணு பார்க்கவா வந்திருக்கேன்?" என்றான். பிறகு, "பார்த்தேன் சார். துரையைப் பார்த்தேன்" என்று தானாகவே ஆரம்பித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போயிருக்கிறான். துரையின் தங்கை ஸ்டேஷனுக்கு வந்து காரில் அழைத்துப் போயிருக்கிறாள். துரைக்குக் கண் போய்விட்டது. வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகிறது. ஆனாலும் சுஐபுவின் தோளில் கையை வைத்துக்கொண்டு, விடாப்பிடியாக மைதானத்துக்குத்தான் முதலில் இழுத்துப் போனாராம். இவன் கையில் மட்டையைக் கொடுத்து அடிக்கச் சொல்லியிருக்கிறார்.

"கடல்ல வலை வீசுற மாதிரி ஒரு வீசு வீசுனேன். பந்து ஆத்துல விழுந்துச்சு. அவருக்கு ஒரே சிரிப்பு. அந்தச் சத்தத்தை வெச்சே எந்த இடத்துல விழுந்துச்சுன்னு சொல்லுறார்" என்றான் சுஐபு. சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவன் பாதியில் தணிந்துபோனான். "வேகாத வெயில்ல பந்து பொறுக்குற பைத்தியம்னு உங்களை எத்தனை தடவை கேலி பண்ணியிருப்பேன். அந்த மேட்டுல போய் நின்னேன் சார். அந்த மலை, அந்த ஊதாப் பூவு, ஒரு சத்தம் இல்லை. எனக்கு எதுக்கு அது? மட்டையைப் பிடிக்கத் தெரியாதவன் நான். உங்களுக்கு உள்ள இடத்துல நான் நிக்கிறேனேன்னு இருந்துச்சு."

சேதுமாதவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "போன வருஷம்…" என்று மட்டும் வந்தது.

"காத்திருந்தார்" என்றான் சுஐபு.

அதைத் துரை சொல்லவில்லையாம். மைதானத்தைக் கவனித்துக்கொள்கிறவர் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கிறார். பேசி வைத்த நாளில், டை கட்டிக்கொண்டு, கக்கத்தில் அந்தப் பச்சை விரிப்போடு வந்து அந்த மேட்டில் நின்றிருக்கிறார் மக்ரே. பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னே போகச் சொல்லியிருக்கிறார். என் கூட்டாளி அபுதாபியிலிருந்து வருகிறான் என்று ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறார். அந்த நாட்டில் கோடையில் லேசில் இருட்டாது. வெளிச்சம் இருக்கும் வரை நின்றிருக்கிறார். மறுநாளும் வந்து நின்றிருக்கிறார். பந்து விழும் இடத்தைப் பார்த்துச் சொல்ல வேறு ஆளை வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டதற்கு, இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்றாராம். குளிர்காலம் வந்தது. கண்ணும் போயிற்று. அவர் ஆடவே இல்லை.

சேதுமாதவனுக்கு அந்த நாள் எங்கே இருந்தோம் என்பது நன்றாக நினைவிருந்தது. சென்னையில், நங்கநல்லூரில், மாமனார் கட்டிய புது வீட்டின் கிரகப்பிரவேசத்தில், ஓமப்புகைக்கு நடுவே பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். கண்ணில் நீர் வந்தது. புகை என்றார்கள். ஒரு டிரங்க் கால் போட்டு, வரவில்லை சார் என்று சொல்லியிருக்கலாம். வரவில்லை என்ற அந்த வார்த்தை வாயில் வராமல்தானே இத்தனையும்.

"என்னைக் கேட்டார், ஏன் வரலைன்னு" என்றான் சுஐபு. "கம்பெனியில லீவு குடுக்கலைன்னு சொல்லிட்டேன். அல்லா மன்னிக்கட்டும். அதைக் கேட்டு அவர் முகம் தெளிஞ்சுச்சு சார். 'நான் ஏதாவது தப்பாப் பேசி சேது மனசைக் கஷ்டப்படுத்திட்டேனோன்னு நினைச்சேன், லீவுதானா, பாவம் சேது'ன்னார்."

தோள்பையைத் திறந்து ஒரு சுருளை எடுத்து மேஜை மேல் வைத்தான். பச்சை விரிப்பு. அதன் நெசவில் இன்னும் அபுதாபி மணல் இருந்தது. புல்லின் கறை ஒரு இடத்திலும் இல்லை. "இனிமே அங்க இதுக்கு வேலை இல்லை, அவனுக்கு மணல்ல ஆட உதவும்னு குடுத்தனுப்புனார்" என்றான்.

சமையலறை வாசலில் நளினி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் கரண்டி அப்படியே இருந்தது.

"போன ஆகஸ்டுன்னா, கிரகப்பிரவேசத்தப்பவா?" என்று கேட்டாள்.

சேதுமாதவன் விரிப்பின் ஓரத்தை விரலால் நீவினார்.

"அப்பா தை மாசம் வெச்சுக்கலாம்னுதானே சொன்னார். நீங்கதான் ஆவணியிலேயே இருக்கட்டும்னு பிடிவாதம் பிடிச்சேள். மாப்பிள்ளைக்கு வீட்டு மேல எவ்வளவு அக்கறைன்னு அம்மா ஊரெல்லாம் சொல்லிண்டு இருந்தா."

உண்மைதான். காரணம் ஒன்று கிடைத்தால் போதும் என்று அதைப் பிடித்துக்கொண்டவர் அவர்தான். மனைவி மக்களை விட்டுவிட்டு, ஒரு பந்தை அடிப்பதற்காகக் கண்டம் தாண்டிப் போகிறேன் என்று யாரிடம் சொல்வது? மாமனார் சிரிப்பார். ஆபீஸ் சிரிக்கும். நளினியின் முகம் எப்படிப் போகும்? அந்த வெட்கத்தில் அங்கேயும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்" என்றாள் நளினி. குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நான் மட்டும் என்னத்தைக் கண்டேன்? இந்த ஜன்னலைத் திறந்தா மணல். நானும் ஒரு மலையைப் பார்த்திருப்பேனே."

அவள் உள்ளே போய்விட்டாள். அடுப்பு அணைக்கும் சத்தம் கேட்டது.

சுஐபு சங்கடத்தோடு எழுந்தான். டூட்டிக்குப் போக வேண்டும் என்றான். வாசலில் குனிந்து ஷூவை மாட்டும்போது, நிமிராமலே சொன்னான்: "அவர் இன்னும் இருக்கார் சார். பார்க்க முடியாதே தவிர, நடக்கிறார், பேசுறார். நீங்க அடிங்க, அவர் சத்தத்தை வெச்சு சொல்லட்டும். அடுத்த ஆகஸ்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வாங்க. நளினி தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு."

சேதுமாதவனின் கண்ணுக்குள் அந்த மேடு வந்தது. ஆறு வந்தது. கறுத்த மலையின் மேல் வெள்ளைப் பொட்டாய்ப் பந்து எழுந்தது. நெஞ்சு முழுக்கப் போகிறேன் என்று நிறைந்து நின்றது.

"பார்க்கலாம்" என்றார்.

வாயில் ஊறிப்போன வார்த்தை, அவரைக் கேட்காமலே வந்து விழுந்துவிட்டது. சுஐபு நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

"அவருக்கு மட்டும் அப்படிச் சொல்லி அனுப்பிடாதீங்க சார்" என்றான். "மறுபடியும் போய் நிப்பார்."

படியிறங்கிப் போனான். மாடிப்படி முழுவதும் அவன் காலடிச் சத்தம் கேட்டு ஓய்ந்தது. திரும்பக் கூப்பிடலாம் என்று ஒரு கணம் வாயைத் திறந்த சேதுமாதவன், மேஜை மேல் கிடந்த பச்சைச் சுருளைப் பார்த்தபடி மெல்லக் கதவைச் சாத்தினார்.