எதிரும் எதிரியும்

போன தேர்தலில் முதலியார்பேட்டைத் தெருக்களில் ஒரு பிரச்சார ஆட்டோவில் நோட்டீஸ் கொடுக்கப் போயிருந்தேன். மைக்கில் பேசியவரின் பெயர் எனக்குத் தெரியாது. ஒல்லியான ஆள், சலவைச் சட்டை, மடியில் ஒரு பிளாஸ்க். நாலு வரி பேசினால் ஒரு மடக்கு வெந்நீர் குடிப்பார்.

போட்டி வேட்பாளரை அவர் “எதிர்த்து நிற்கும் சகோதரர்” என்றே சொல்லிவந்தார். கூட வந்த வார்டு செயலாளருக்கு அது பொறுக்கவில்லை.

“இன்னாய்யா சகோதரர்? எதிரின்னு சொல்லு.”

“எதிர்ல நின்னா எதிரியா தலைவரே? எதிர் வூட்டுக்காரரும்தான் எதிர்ல இருக்காரு. உங்க பைக்கு அவரு வூட்லதான நிக்குது?”

டிரைவர் சிரித்துவிட்டார். செயலாளர், “நாளைலேருந்து நீ வராத” என்று மைக்கைப் பிடுங்கினார். தேர்தல் மாதத்தை நம்பித்தான் மைக்கில் பேசியவரின் பிழைப்பு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“எதிரிகளை விரட்டுவோம்” என்று செயலாளர் கத்தினார். அடுத்த வரிக்குள் தொண்டை கட்டி இருமல் பிடித்துக்கொண்டது.

மைக்கை இழந்தவர் தன் பிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றி அவரிடம் நீட்டினார். “மெதுவா குடிங்க. இன்னும் நாலு தெரு பாக்கி இருக்குது.”

செயலாளர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, மூடியை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

என் வேலையைப் பறித்தவருக்கு நான் அப்படி ஊற்றிக் கொடுப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.